வாழைமரம் கட்டிய வண்டி

எங்கள் குடியிருப்பில் தீபாவளி எப்போதும் ஒருநாள் பிந்தித்தான் வரும். ஊரே எண்ணெய் தேய்த்துக் குளித்து வெடி போடுகிற அன்றைக்கு எங்கள் அப்பாமார்கள் பூட்ஸ் காலோடு வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். எந்தக் கூரைமேல் எந்த ராக்கெட் விழும் என்று யாருக்குத் தெரியும்? மறுநாள் ஊர்க்காரர்கள் வெடிக்குப்பையைக் கூட்டித் தள்ளுகிற நேரத்தில்தான் எங்களுக்குப் புதுத்துணியும் கறிக்குழம்பும். மதுரையின் கிழக்குப் பக்கத்தில் ஒரு தீயணைப்பு நிலையம், அதன் முதுகில் ஒட்டினாற்போல் ஊழியர் குடியிருப்பு. நானும் தம்பியும் வளர்ந்தது அங்கேதான்.

மற்ற திருவிழாக்களிலும் இதே கதைதான். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது ஊர் முழுக்க அழகரைப் பார்க்கும், எங்கள் அப்பாக்கள் தண்ணீரைப் பார்ப்பார்கள். தைத் தெப்பத்துக்கு வண்டியூர் தெப்பக்குளத்தில் சாமி விளக்கு வெளிச்சத்தில் மிதந்து வரும்போதும் அவர்கள் ரப்பர் ட்யூபும் கயிறுமாகப் படிக்கட்டில் நின்று, யார் வழுக்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். சாமி எப்படி இருந்தது என்று கேட்டால், கூட்டம் நல்ல கூட்டம் என்பார் அப்பா. இத்தனை வருஷ சர்வீஸில் இந்த மனுஷன் ஒருதரமாவது அழகரை நிமிர்ந்து பார்த்திருப்பாரா என்று அம்மாவுக்குத் தீராத குறை.

எங்களுக்கென்று மிச்சமிருந்தது ஆயுதபூஜை ஒன்றுதான். அன்றைக்கு வண்டியைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் வாழைமரம் கட்டி, சாமந்தி மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தின்மேல் சக்கரத்தை ஏற்றிக் கிளப்புவார்கள். குடியிருப்புப் பிள்ளைகள் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு வண்டி தெப்பக்குளத்தை ஒரு சுற்று சுற்றி வரும். பெயருக்கு அது சோதனை ஓட்டம். டாங்கில் தண்ணீர் நிறைந்திருக்கும், ஆட்கள் சீருடையில் இருப்பார்கள், வயர்லெஸ் கரகரத்துக்கொண்டே இருக்கும். ஆகவே விதியை யாரும் மீறவில்லை என்று ஆபீசர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். மாரியம்மன் கோயில் வாசலில் மட்டும் ஒரு தடவை சைரன் போடலாம். அந்த ஒரு சத்தத்துக்காக வருஷம் முழுக்கக் காத்திருப்போம்.

அப்பாதான் வண்டிக்கு டிரைவர். டிரைவர் என்று பெயரே தவிர, போன இடத்தில் பம்ப்பையும் அவர்தான் ஓட்ட வேண்டும், ஆள் குறைந்தால் கயிற்றையும் அவர்தான் பிடிக்க வேண்டும். வண்டிமேல் அவருக்கு அப்படி ஒரு பாசம். மூத்ததுக்கு நடக்கிற சவரட்சணை இளையதுகளுக்கு இல்லை என்று எங்களைக் காட்டி அம்மா சொல்லுவாள். வண்டியில் எதைக் கட்டினாலும் ஒரே இழுப்பில் அவிழ வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். ஏணியோ கயிறோ குழாயோ, இழுத்தால் உருவிக்கொள்கிற முடிச்சுத்தான் போட வேண்டும். புதிதாக வேலைக்கு வந்த பையன்கள் யாராவது கடுமுடிச்சுப் போட்டுவிட்டால், அதை உன் வீட்டு ஆட்டுக்குட்டிக்குப் போய்ப் போடு என்பார்.

அந்தச் சட்டத்தாலேயே ஒரு வருஷம் மானம் போயிற்று. கோயில் வாசலில் சைரன் போட்டு வண்டி திரும்பும்போது, ஒரு பக்கத்து வாழைமரம் காற்றுக்கு முடிச்சை உருவிக்கொண்டு நடுரோட்டில் விழுந்தது. பின்னால் வந்த டவுன் பஸ் டிரைவர் பஸ்ஸை நிறுத்தி, இறங்கி, மரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து அப்பாவிடம் கொடுத்தார். ஊர்ல விழுற மரத்தையெல்லாம் நீங்க வெட்டி எடுப்பீங்க, உங்க மரத்த நாங்க தூக்கணுமாண்ணே என்று அவர் கேட்டதும் தெப்பக்குளத்துக் கரையே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். ஆனால் வண்டி விஷயத்தில் அவருக்கு ரோஷம் அதிகம். வீட்டுக்கு வந்து அம்மா சிரித்தபோது அவர் சிரிக்கவில்லை.

அடுத்த வருஷம், நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது, அவர் கட்டுக்கம்பி வாங்கிவந்தார். கட்டடம் கட்டுகிறவர்கள் கம்பியோடு கம்பியைப் பிணைக்கிற அந்த மெல்லிய கம்பி. அதை இரட்டையாக மடித்து, வாழைமரத்தை முன்பக்கக் கிராதியோடு சேர்த்து, குறடால் முறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்றவர் லீடிங் மாமா. லீடிங் ஃபயர்மேன் என்பது அவருடைய பதவி. எங்களுக்கு அதுவே பெயர். அப்பாவைவிட இளையவர், ஆனால் வண்டியில் ஏறிவிட்டால் அவர் சொல்வதுதான் சட்டம்.

"அண்ணே, கம்பியா?" என்றார்.

"ஒரு சுத்துத்தான மாப்ள. வந்ததும் வெட்டிருவம்" என்றார் அப்பா.

எனக்கு அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. என் கவலை வேறு. அந்த வருஷம் நான் ஒரு காகிதத் தோரணம் செய்திருந்தேன். பச்சைத் தாளும் ரோஸ் தாளும் கீற்றுக் கீற்றாக வெட்டி, வளையத்துக்குள் வளையமாகக் கோத்து, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியது. தம்பி பாதிப் பருக்கையைத் தின்றுவிட்டதால் சில இடங்களில் பிடிமானம் போதாது. இருந்தாலும் வண்டியின் முகத்தில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை வளைந்து தொங்குகிற அளவுக்கு நீளம். அதை அப்பாவே இரண்டு வாழைமரத்துக்கும் நடுவே கட்டிவிட்டார். மற்றப் பிள்ளைகள் பலூன் கட்டினார்கள். மாவிலையும் மாலையும் பலூனும் தோரணமுமாக வண்டியின் சிவப்பே வெளியில் தெரியாமல் போய்விட்டது. இதைவிட அழகான வண்டி மதுரையில் இல்லை என்று நான் நினைத்தேன்.

சாயங்காலம் கிளம்பினோம். ரோடெல்லாம் எங்களைப் போலவே வாழைமரம் கட்டிய வண்டிகள். லாரி, வேன், ஆட்டோ, தள்ளுவண்டிகூட. ஒவ்வொன்றும் ஹாரன் அடித்துக்கொண்டும் பாட்டுப் போட்டுக்கொண்டும் போயின. மாரியம்மன் கோயில் வாசலுக்கு வந்து, அப்பா சைரனில் கை வைக்கப் போகிற நேரம், வயர்லெஸ்ஸில் குரல் வந்தது. ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றில் சின்னப் பிள்ளை விழுந்துவிட்டது. ஊரின் பெயரையும் எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்பதையும் அந்தக் குரல் இரண்டு தடவை சொன்னது.

அப்பா ஓரமாக நிறுத்தினார். லீடிங் மாமாவும் மற்றவர்களும் எங்களைத் தோளுக்குத் தோள் மாற்றி மளமளவென்று இறக்கினார்கள். கோயில் வாசலில் பூ விற்கிற அக்காவிடம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள், நிலையத்திலிருந்து ஆள் வரும் என்று சொன்னார்கள். அப்பா முன்பக்கம் ஓடிவந்து வாழைமரத்தைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. மறுபடியும் இழுத்தார். கம்பி இறுகியதுதான் மிச்சம்.

"ஏறுங்கண்ணே, போயிருவம்" என்று மேலிருந்து லீடிங் மாமா சொன்னார்.

வண்டி சைரனோடு கிளம்பியது. வழக்கமான ஒரு சத்தம் இல்லை, நிற்காத சத்தம். அதுவரை அப்பாவின் வண்டி நிஜமாகவே பறந்து போவதை நாங்கள் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. வாழை இலைகள் பின்னால் வளைந்து ஆட, பலூன்கள் துள்ள, என் தோரணம் காற்றில் வயிறு உப்பிக்கொண்டு போயிற்று. நாங்கள் எல்லாரும் குதித்துக் குதித்துக் கை தட்டினோம். பூக்கார அக்கா தட்டவில்லை. கையிலிருந்த பூவைக் கூடையில் போட்டுவிட்டுக் கோயில் பக்கம் திரும்பி, யாரு பெத்த பிள்ளையோ ஆத்தா என்று கும்பிட்டாள். எங்கள் அப்பாதான் போகிறாரே, பிறகு இவள் எதற்குக் கும்பிடுகிறாள் என்று எனக்கு இருந்தது.

எங்கள் நிலையத்தில் ஒரு பழக்கம் உண்டு. போன இடத்தில் உயிரைக் காப்பாற்றிவிட்டால், திரும்பி வரும்போது வாசலில் ஒரு சின்ன ஹாரன் அடிப்பார்கள். மாடு விழுந்த கிணறாக இருந்தாலும் அந்த ஹாரன் உண்டு. அதைக் கேட்டால் அம்மாமார்கள் டீக்குப் பால் வைப்பார்கள். ஹாரன் இல்லாமல் வண்டி வந்தால் பால் பானைக்குப் பதில் வெந்நீர்ப் பானை அடுப்பில் ஏறும். கொல்லைக் குழாயடியில் வாளியும் துண்டும் வைத்துவிட்டு, யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்துக்கு வண்டி வந்தது. ஹாரன் கேட்கவில்லை. அம்மா அடுப்பை மாற்றினாள். நான் பொரியும் கடலையும் அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். வண்டி மொட்டையாக நின்றது. வாழைமரம் இல்லை, மாலை இல்லை, ஒரு பலூன்கூட இல்லை. கிராதியில் முறுக்கிய கம்பியின் துண்டுகள் மட்டும் துருத்திக்கொண்டிருந்தன. அப்பா குழாயைப் பிடித்து வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். காலையில் கழுவிய வண்டி அது.

என் தோரணம் எங்கே என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமலே, "காத்துல போயிருச்சு தாயி" என்றார்.

எல்லாமா என்றேன். எல்லாந்தான் என்றார். நான் அங்கேயே காலை உதைத்து அழுதேன். எத்தனை நாள் உட்கார்ந்து செய்தது, ஒரு சுற்றுக்குள் தொலைத்துவிட்டு வந்து நிற்கிறாரே என்று எனக்கு ஆத்திரம். அம்மா வந்து முதுகில் ஒன்று வைத்து இழுத்துக்கொண்டு போனாள். அந்தப் பிள்ளை பிழைத்ததா என்று நான் கேட்கவில்லை. கிணற்றில் ஒரு பிள்ளை விழுந்தது என்பதே எனக்கு அப்போது மறந்திருந்தது.

அடுத்த இரண்டு நாளும் சோறு வைத்தாலும் தோரணம், தலை வாரினாலும் தோரணம் என்று நான் அதையே பாடிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அப்பா கடைக்குப் போய்ப் பச்சையும் ரோஸுமாகத் தாள் வாங்கிவந்தார். கட்டுப்போட்ட கையோடு தரையில் உட்கார்ந்து, நான் கேட்ட அளவுக்குக் கீற்றுக் கீற்றாக வெட்டிக் கொடுத்தார். ஒட்டினேன், கோத்தேன். ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார். செய்த தப்புக்கு அபராதம் கட்டுகிறார், சரிதான் என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. புதுத் தோரணத்தை வீட்டுக்குள்ளேயே கட்டிக்கொண்டேன். இந்தத் தடவை காற்றுக்குக் கொடுப்பதாக இல்லை.

அதற்கடுத்த ஆயுதபூஜைக்கு வண்டி சந்தனப் பொட்டோடு நின்றது, அவ்வளவுதான். வாழைமரம் கிடையாது, மாலையைக்கூடப் பூஜை முடிந்ததும் எடுத்துவிட்டார்கள். சுற்றும் கிடையாது. அப்பாதான் ஆபீசரிடம் போய்ச் சொல்லி நிறுத்தினார் என்று தெரிந்ததும் குடியிருப்புப் பிள்ளைகள் என்னையும் தம்பியையும் ஆட்டத்துக்குச் சேர்க்கவில்லை. நான் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சண்டை போட்டேன். உங்களால்தான் எல்லாம், ஒரே ஒரு திருவிழா இருந்தது, அதையும் கெடுத்துவிட்டீர்கள் என்று என்னவெல்லாமோ கத்தினேன்.

"வண்டி வண்டி மாதிரி இருக்கணும் தாயி" என்றார்.

அப்பா ஓய்வு பெற்று இப்போது எங்களோடுதான் இருக்கிறார். போன ஆயுதபூஜைக்கு என் மகள் என் ஸ்கூட்டரைக் கழுவித் துடைத்து, அவளாகவே காகிதத் தோரணம் செய்து முன்னால் கட்டியிருந்தாள். நான் கோயிலுக்குக் கிளம்பி வெளியே வந்து பார்க்கிறேன், அப்பா கத்திரிக்கோலால் அதை வெட்டிக்கொண்டிருக்கிறார். பிள்ளை ஓவென்று அழுகிறாள். எனக்குப் பழைய கோபமெல்லாம் சேர்ந்து வந்தது. பிள்ளை ஆசையாகக் கட்டியது உங்களை என்ன செய்தது, அன்றைக்கு எனக்கு, இன்றைக்கு இவளுக்கா என்று கேட்டுவிட்டேன். அப்பா வெட்டிய தோரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தார். பேத்தியை உள்ளே அனுப்பச் சொன்னார். பிறகுதான் சொன்னார்.

தெப்பக்குளத்திலிருந்து கிளம்பிய வண்டிக்கு அன்றைக்கு யாரும் வழி விடவில்லை. சைரன் கேட்டது, கேட்காமல் இல்லை. ஆனால் எல்லா வண்டியும்தான் அலறிக்கொண்டு போயிற்று. வாழைமரமும் பலூனுமாக வந்த வண்டியைப் பார்த்தவர்கள், தீயணைப்புக்காரர்களும் பூஜை போட்டுவிட்டுச் சுற்ற வந்துவிட்டார்கள் என்று சிரித்தார்கள். ஆட்டோக்காரர்கள் பதிலுக்கு ஹாரன் அடித்தார்கள். பிள்ளைகளைத் தூக்கிக் காட்டி டாட்டா சொல்லச் சொன்னார்கள். லீடிங் மாமா ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, வழி விடுங்கள் என்று கத்திக்கொண்டே போனாராம். அதற்கும் கை அசைத்தார்கள்.

"அவுக மேல தப்பே இல்ல. நானா இருந்தாலும் சிரிச்சிருப்பேன்" என்றார் அப்பா.

அந்தத் தோட்டத்திலும் அன்றைக்குப் பூஜைதான். கிணற்று மோட்டாருக்குச் சந்தனம் வைத்து, எல்லாரும் சூடத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கடைக்குட்டிப் பையன் சறுக்கி விழுந்துவிட்டான். ஆழக் கிணறு, முக்கால் கிணற்றுக்குத் தண்ணீர். குதித்துத் தேடியவர்களுக்கு அவன் கையில் அகப்படவில்லை. வண்டிக்கு வழி காட்டுவதற்காகப் பையனின் அப்பா மெயின் ரோட்டு முனைக்கு ஓடிவந்து நின்றிருக்கிறார். அவர் சிவப்பு வண்டியை எதிர்பார்த்து நின்றார். பூவும் பலூனுமாக வந்த இவர்களை அவர் பார்த்தார், ஏதோ பூஜை வண்டி என்று நினைத்துக்கொண்டு, இவர்களைத் தாண்டிப் பின்னால் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். கையைக் காட்டி யாரும் நிறுத்தாததால் அப்பாவும் திருப்பத்தைத் தாண்டிப் போய்விட்டார். லீடிங் மாமாதான் சந்தேகப்பட்டு, திருப்பச் சொன்னார். திரும்பி வந்து நின்று, தம்பி, கிணறு எங்கே என்று அப்பா கேட்டபோதுதான் அந்த மனிதருக்கு விளங்கியது.

"என்னயப் பாத்தாரு, வண்டியப் பாத்தாரு. ஒண்ணுமே சொல்லல தாயி. வஞ்சிருந்தாக்கூடத் தேவல" என்றார்.

லீடிங் மாமா கயிற்றில் இறங்கிப் பையனை எடுத்துவந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது, அல்லது அதற்கும் முன்னாலேயே முடிந்திருந்தது. நேராகப் போயிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டான் என்று லீடிங் மாமா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாவிடம் நானும் அதையே சொன்னேன். அதற்கு அவர், "இருக்கலாம். அதத் தெரியவிடாமப் பண்ணிப்புட்டேனே" என்றார். எல்லாம் அந்தக் கம்பியால் வந்தது என்று சொல்லி, வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். கோயில் வாசலில் வாழைமரத்தை இழுத்தபோது கம்பி கிழித்த தழும்பு உள்ளங்கைக்குக் குறுக்கே இன்னும் இருக்கிறது. அது ஏதோ தீ விபத்தில் வந்தது என்றுதான் நான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன், பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

பையனை மேலே ஏற்றிய பிறகு அப்பா வெட்டுக் குறடை எடுத்துவந்து கம்பிகளை வெட்டினார். வாழைமரம், மாலை, பலூன் எல்லாவற்றையும் பிய்த்து வரப்பு ஓரமாக வீசினார். அப்போது அங்கே ஒரு சின்னப் பெண் நின்றுகொண்டிருந்தாள். செத்துப்போன பையனின் அக்கா. பெரியவர்கள் எல்லாரும் பையனைச் சுற்றி இருந்ததால் அவளை யாரும் கவனிக்கவில்லை. அவள் அழவும் இல்லை. குனிந்து என் காகிதத் தோரணத்தை எடுத்து, மண்ணைத் தட்டி, வளையம் வளையமாகத் தன் கையில் சுற்றிக்கொண்டு, அப்பாவைப் பார்த்தபடி நின்றாள்.

"உன் வயசுதான் இருக்கும். தம்பிக்குக் காட்டணும்னு எடுத்துச்சோ என்னமோ" என்றார் அப்பா. நான் கோயிலுக்குப் போகவில்லை, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்திருந்தபோது அந்த இரண்டாவது தோரணம் ஞாபகத்துக்கு வந்தது. அதே பச்சை, அதே ரோஸ். அப்பா பார்க்க வேண்டும் என்பதற்காகவே அதை அவருடைய கட்டிலுக்கு எதிரே, ஜன்னல் கம்பியிலிருந்து காலண்டர் ஆணிவரைக்கும் கட்டியிருந்தேன். தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கும்போது அம்மா அதைக் கழற்றப் போனாள். அப்பா படுத்தவாக்கிலேயே, கிடக்கட்டும் விடு, பிள்ளை கட்டியது என்றார். பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறவரை அது அங்கேயே தொங்கியது. காலையில் டூட்டி முடிந்து வந்து படுப்பவர், தூங்காமல் அதையே பார்த்துக்கொண்டு கிடப்பார். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது நான் தம்பியை இழுத்துவந்து கதவோரம் நிறுத்தி, சத்தம் போடாதே என்று வாயைப் பொத்திக் காட்டுவேன்.

"பாருடா, அப்பாவுக்கு என் தோரணம் எம்புட்டுப் பிடிச்சிருக்குன்னு."